ஆணை மெல்பர்னில், பழி டார்வினில்
வடக்குப் பிரதேசத்தின் கதை – 4

1911 ஜனவரி முதல் தேதி வடக்குப் பிரதேசம் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் கையை விட்டு ஆஸ்திரேலிய மத்திய அரசிடம் வந்து சேர்ந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். பதின்மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலம். தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. ஆதிகுடி மக்களை அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க அரசியல் சட்டமே இடம் தரவில்லை. கணக்கில் வந்த ஐரோப்பியர், சீனர், மற்றவர் எல்லோரையும் கூட்டினாலும் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

இந்த நிலத்தை ஆள்வதற்கு மத்திய அரசு ஒருவரை அனுப்பியது. அவர் பதவியின் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர். நாம் நிர்வாகி என்று சொல்வோம். டார்வின் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டின்மேல் நிற்கும் அரசு மாளிகை அவருடைய வீடு. ஊரில் அவருக்கு மேலே யாரும் இல்லை. ஆனால் சட்டப்படி அவருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது? 1918 டிசம்பரில் டார்வினில் மூண்ட கிளர்ச்சியையும், அறுபது ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பையும் புரிந்துகொள்ள இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

சட்டம் வரைந்த எல்லை

1910ஆம் ஆண்டின் வடக்குப் பிரதேச நிர்வாகச் சட்டம் சிறியது. அதில் நிர்வாகியைப் பற்றிய பகுதி இன்னும் சிறியது. அவரை நியமிப்பவர் கவர்னர் ஜெனரல். நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படியும், பிரதேசத்துக்குப் பொறுப்பான மத்திய அமைச்சர் கொடுக்கும் அறிவுறுத்தல்களின்படியும் மட்டுமே அவர் தம் அதிகாரத்தைச் செலுத்த முடியும். அமைச்சர் சொன்னதை மீறிச் செய்தால் அது சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

சட்டம் இயற்றும் உரிமையும் அவருக்கு இல்லை. பிரதேசத்துக்கான சட்டங்களைக் கட்டளைகளாகப் பிறப்பிக்கும் அதிகாரம் கவர்னர் ஜெனரலிடம் இருந்தது. நடைமுறையில் அதன் பொருள், மெல்பர்னில் கூடும் அமைச்சரவை. அன்று ஆஸ்திரேலியாவின் தற்காலிகத் தலைநகர் மெல்பர்ன்தான். நாடாளுமன்றம் கான்பெராவுக்குப் போனது 1927இல். கட்டளைச் சட்டம் பிடிக்கவில்லை என்றால் நாடாளுமன்றம் அதை நிராகரிக்கலாம். செலவுக்குப் பணம் ஒதுக்குவதும் அதே நாடாளுமன்றம்தான். நிர்வாகி யோசனை சொல்லலாம், அறிக்கை அனுப்பலாம், தந்தி அடிக்கலாம்.

ஆக, மேலே இருந்து பார்த்தால் நிர்வாகியின் எல்லை தெளிவாகவே இருந்தது. கீழே இருந்து பார்த்தால் எல்லையே இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின்கீழ் இருந்தபோது பிரதேச மக்கள் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மத்திய நாடாளுமன்றத் தேர்தலிலும் தெற்கு ஆஸ்திரேலியர்களாக வாக்களித்தார்கள். 1911இல் அந்த வாக்கு இரண்டும் போயின. சட்டமன்றமும் இல்லை, நாடாளுமன்றத்தில் பேச ஓர் உறுப்பினரும் இல்லை. நிர்வாகிக்கு ஆணையிடும் அமைச்சரைத் தேர்ந்தெடுத்தவர்கள் வேறு மாநிலங்களில் இருந்தார்கள். டார்வின் மக்கள் அந்த அமைச்சரைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் வழியே வைக்கப்படவில்லை.

நீதிமன்றம் இருந்ததே என்று கேட்கலாம். பிரதேச உச்ச நீதிமன்றம் 1911இல் அமைந்தது. அதில் ஒரே ஒரு நீதிபதி. முதல் நீதிபதியான சாமுவேல் மிட்செல், அதே காலத்தில் தற்காலிக நிர்வாகியாகவும் இருந்தார். நிர்வாகியின் எல்லையைச் சொல்ல வேண்டிய நாற்காலியிலும் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டிய நாற்காலியிலும் ஒரே மனிதர் உட்கார்ந்திருந்தார் என்பதே அந்த ஏற்பாடு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதைச் சொல்லிவிடும்.

கால்நடை மருத்துவர் ஆள வருகிறார்

1912இல் முழுநேர நிர்வாகியாக வந்தவர் ஜான் ஆண்டர்சன் கில்ருத். ஸ்காட்லாந்துக்காரர். கால்நடை மருத்துவம் படித்தவர். நியூசிலாந்து அரசில் தலைமைக் கால்நடை மருத்துவராகப் பணியாற்றியவர். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் பயின்றவர். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1911இல் வடக்கே சென்ற அறிவியல் ஆய்வுக் குழுவில் அவரும் ஒருவர். அந்த நிலத்தில் மாடு வளர்க்கலாம், சுரங்கம் தோண்டலாம், பயிர் செய்யலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். தொழிற்கட்சி அரசின் அமைச்சர் ஜோசையா தாமஸ் அவரைத் தேர்ந்தெடுத்தார்.

அவரை ஊழல்காரர் என்றோ சோம்பேறி என்றோ சொல்ல முடியாது. உழைத்தார், பிரதேசம் முழுவதும் பயணம் செய்தார். ஆனால் எதிர்ப்பைப் பொறுக்கும் மனம் அவரிடம் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் கட்டளையிட்டுப் பழகிய மனிதர், ஊரையும் அப்படியே நடத்தப் பார்த்தார். தொழிற்சங்கத்தோடு தொடக்கம் முதலே மோதல். 1913இல் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. அந்தத் தோல்வியைத் தொழிலாளர்கள் மறக்கவில்லை.

இதற்கிடையில் மெல்பர்னில் ஆட்சிகள் மாறிக்கொண்டிருந்தன. தாமஸ் போய் பாட்ரிக் கிளின் வந்தார். அவருக்குப் பிறகு தொழிற்கட்சி மீண்டும் வந்து ஹியூ மேகன் அமைச்சரானார். 1917இல் மறுபடி கிளின். துறையே வெளியுறவிலிருந்து உள்துறை-பிரதேசங்கள் துறைக்கு இடம் மாறியது. போர் தொடங்கியதும் பணம் வற்றியது. ஓர் அமைச்சர் ஒப்புக்கொண்ட திட்டம் அடுத்தவர் மேசையில் தூங்கியது. கில்ருத் கேட்டவற்றில் பல கிடைக்கவில்லை. அவர் கேட்காத சில அவர் கையில் திணிக்கப்பட்டன.

மது விற்பனை அதற்கு நல்ல உதாரணம். 1915இல் டார்வினின் மதுக்கடை விடுதிகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. அரசே மது விற்பது அன்றைய தொழிற்கட்சியின் கொள்கைகளில் ஒன்று. அதற்கு வேண்டிய சட்டம் வந்தது மெல்பர்னிலிருந்து. ஆனால் பீர் விலை ஏறியபோது குடிப்பவன் கண்ணில் பட்டது அமைச்சர் இல்லை, அரசு மாளிகையில் இருந்த கில்ருத்தான். வெப்பமும் தனிமையும் மிகுந்த அந்த ஊரில் உழைத்துக் களைத்த ஆண்களுக்கு வேறு பொழுதுபோக்கு அதிகம் கிடையாது. ஆகவே அந்த விலை சின்ன விஷயமாக இருக்கவில்லை.

இன்னொன்று இறைச்சித் தொழிற்சாலை. லண்டனில் தலைமையகம் வைத்திருந்த வெஸ்டி சகோதரர்கள் நிறுவனம் பெரிய பெரிய மேய்ச்சல் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து, டார்வின் கடற்கரையோரம் புல்லக்கி பாயின்ட் என்ற இடத்தில் பதப்படுத்தும் ஆலை கட்டியது. ஆலை 1917இல் இயங்கத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள், தொழிற்சங்கம் வலுப்பெற்றது. அதன் தலைவர் ஹரால்ட் நெல்சன், பேச்சாற்றல் மிக்கவர். கில்ருத் நிறுவனத்தின் பக்கம் சாய்கிறார் என்று ஊர் நம்பியது.

1918 டிசம்பர் 17

ஐரோப்பாவில் போர் முடிந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அன்று ஆலைத் தொழிலாளர்களும் ஊர்மக்களும் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஊர்வலமாக அரசு மாளிகைக்கு நடந்தார்கள். அன்றைய டார்வினில் ஆயிரம் பேர் என்றால் ஏறக்குறைய ஊரே திரண்டது போல. முன்னே கில்ருத்தின் கொடும்பாவி. தம் ஆட்சிக்கு அவர் மக்கள் முன் கணக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது கோரிக்கை. கில்ருத் வெளியே வந்தார். கூட்டத்துக்குக் கணக்குச் சொல்ல மறுத்தார். வேலி சாய்ந்தது, தள்ளுமுள்ளு நடந்தது. வாசலில் கொடும்பாவி எரிந்தது.

கில்ருத் மறுத்ததில் ஒரு சட்ட நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அமைச்சருக்கு மட்டுமே. அவரை நீக்கும் உரிமையோ கேள்வி கேட்கும் உரிமையோ டார்வின் மக்களுக்குச் சட்டம் கொடுக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற ஆயிரம் பேரின் நியாயமும் அதே இடத்திலிருந்துதான் பிறந்தது. அமைச்சரிடம் போக வழி இல்லை. நிர்வாகியிடம் கேட்டால் அமைச்சரைக் காட்டுகிறார். சட்டம் கதவு வைக்காத வீட்டில் வேலி சாய்வதைத் தவிர வேறு என்ன நடக்கும்?

அரசு போர்க்கப்பலை அனுப்பியது. சில வாரங்கள் கில்ருத் மாளிகைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். 1919 பிப்ரவரியில் என்கவுன்டர் என்ற போர்க்கப்பலின் பாதுகாப்பில் குடும்பத்தோடு டார்வினை விட்டுப் புறப்பட்டார். கிளர்ச்சி அதோடு அடங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், அவருக்குப் பிறகு பொறுப்பு வகித்த கேரி, நீதிபதி பெவன், அரசுச் செயலர் எவன்ஸ் ஆகிய மூவரையும் ஊர்மக்கள் கப்பலேறிப் போக வைத்தார்கள். தனியொரு நீதிபதியையும் ஊர் நிர்வாகியின் ஆளாகவே பார்த்தது என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

டாஸ்மேனிய உச்ச நீதிமன்ற நீதிபதி நார்மன் யூயிங் தலைமையில் ராயல் கமிஷன் அமைந்தது. 1920இல் வந்த அதன் அறிக்கை கில்ருத்தையும் அவரைச் சுற்றியிருந்த அதிகாரிகளையும் கடுமையாகக் கண்டித்தது. கண்டனம் தனி மனிதர்கள்மேல் விழுந்ததால் மெல்பர்ன் அமைச்சர்கள் எளிதாகத் தப்பினார்கள். ஒப்புதல் கொடுத்ததும், கொள்கை வகுத்ததும், பணத்தை நிறுத்தியதும் அவர்கள்தான். கில்ருத்தின் முன்கோபத்துக்கு அவர் பொறுப்பு. ஆனால் ஏழு ஆண்டுகள் ஒரு மனிதரை ஓர் ஊரின் நடுவே பிரதிநிதி யாரும் இல்லாமல் தனியே நிறுத்தி வைத்த சட்டத்துக்கு நாடாளுமன்றமே பொறுப்பு. என் பார்வையில் அந்தக் கிளர்ச்சியின் முதல் குற்றவாளி அந்தச் சட்டமே.

மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். வாக்கு இல்லாமல் வரி கட்ட மாட்டோம் என்று கிளம்பினார்கள். வரி கட்ட மறுத்த நெல்சன் 1921இல் ஃபேனி பே சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டே பிரதேசத்துக்கு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கொடுக்கப்பட்டார். தேர்தலில் வென்றவர் அதே நெல்சன். ஆனால் அவர் பேசலாமே தவிர வாக்களிக்க முடியாது. பிரதேசக் கட்டளைச் சட்டங்களை நிராகரிக்கும் தீர்மானத்தில் மட்டும் வாக்களிக்கும் உரிமை 1936இல் வந்தது. முழு வாக்குரிமை வந்தது 1968இல்தான்.

எல்லையே இல்லாத இடம்

வெள்ளைத் தொழிலாளிக்குக் குறைந்தது ஊர்வலம் போக முடிந்தது. ஆதிகுடி மக்களுக்கு அதுவும் கிடையாது. 1911ஆம் ஆண்டின் ஆதிகுடியினர் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தில் 1918இல் வந்த புதிய கட்டளைச் சட்டமும், தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரிக்கு அவர்களைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும், ஓரிடத்தில் வைத்திருக்கும், இடம் மாற்றும் அதிகாரம் கொடுத்தன. குழந்தைகள் தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். டார்வினின் காலின் குடியிருப்பு 1913இல் இப்படித்தான் உருவானது. குத்தகைக்கும் கூலிக்கும் அமைச்சரின் ஒப்புதல் தேடிய ஆட்சி, ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க நீதிமன்றத்தின் படியேற வேண்டியதில்லை.

இந்த அதிகாரம் எவ்வளவு ஆழமானது என்பது 1951இல் தெரிந்தது. டார்வினில் ஆதிகுடித் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஃப்ரெட் வாட்டர்ஸ், லாரக்கியா இனத்தவர். அவரைப் பிடித்து, பாலைவன நடுவே ஹாஸ்ட்ஸ் பிளஃப் என்ற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டளை போட்டவர் ஆதிகுடி விவகார இயக்குநர். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனது. ஆஸ்திரேலியாவில் அதுவே மிக உயர்ந்த நீதிமன்றம். நீதிபதி ஃபுல்லாகர் தலையிட மறுத்தார்: அவரைக் காவலில் வைப்பது நல்லது என்று முடிவு செய்யும் பொறுப்பைச் சட்டம் இயக்குநரிடம் கொடுத்திருக்கிறது, அவர் நல்லெண்ணத்துக்கு மாறாக நடந்தார் என்று காட்டப்படவில்லை என்றார். மேலே எத்தனை கடிவாளம் இருந்தாலும், கீழே இருப்பவன் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாட்டர்ஸ் வழக்கு சாட்சி.

டார்வின் திடீரென்று வளர்ந்த கதை

மாற்றம் மெல்ல வந்தது. 1947இல் அமைந்த சட்ட சபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆறு பேர், அரசு அதிகாரிகள் ஏழு பேர். தலைமையில் நிர்வாகி, வாக்குச் சமமானால் அவர் வாக்கே தீர்மானிக்கும். முழுக்க மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் 1974இல் வந்தது. 1978 ஜூலை முதல் தேதி தன்னாட்சி. தன்னாட்சி தந்த சட்டம் நிர்வாகியின் அதிகாரத்தை இரண்டாகப் பிரித்தது. பிரதேச அமைச்சர்களிடம் ஒப்படைத்த துறைகளில் அவர்கள் ஆலோசனைப்படி அவர் நடக்க வேண்டும். ஒப்படைக்காத விஷயங்களில் பழையபடி மத்திய அமைச்சரின் அறிவுறுத்தல். ஆதிகுடியினர் நில உரிமை மத்திய அரசிடமே இருந்தது. அதற்கென்று 1976இல் மத்தியச் சட்டம் ஒன்று வந்திருந்தது.

யாருக்கும் வழங்கப்படாத அரசு நிலத்தை ஆதிகுடியினர் தங்கள் பாரம்பரிய நிலம் என்று கோரலாம் என்றது அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு நகரத்துக்குள் இருக்கும் நிலத்தை மட்டும் கோர முடியாது. டார்வின் துறைமுகத்தின் எதிர்க்கரையில் இருப்பது காக்ஸ் தீபகற்பம். லாரக்கியா மக்களுக்காக வடக்கு நில மன்றம் என்ற அமைப்பு 1979இல் அதைக் கோரியது. ஏறக்குறைய அதே காலத்தில் நிர்வாகியின் பெயரில் நகரத் திட்ட விதிகள் வந்தன. அவற்றின்படி டார்வின் நகரம் நான்காயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. காக்ஸ் தீபகற்பமும் அதற்குள் அடங்கிவிட்டது. காடும் சதுப்பும் கடற்கரையுமாக இருந்த நிலம் ஒரு கையெழுத்தில் நகரமாகிவிட்டது. நகரம் என்றால் கோர முடியாது.

நில ஆணையர் நீதிபதி டூஹி, நிர்வாகி அரசியின் பிரதிநிதி, அவர் எந்த நோக்கத்தில் விதி போட்டார் என்று நான் ஆராய முடியாது என்று நிறுத்திக்கொண்டார். நில மன்றம் ஹைகோர்ட்டுக்குப் போனது. 1981 டிசம்பரில் வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தப் பழைய சுவரை இடித்தார்கள். சட்டம் ஓர் அதிகாரத்தை எதற்காகக் கொடுத்ததோ அதற்காக மட்டுமே அதைச் செலுத்த முடியும். நகரத்தைத் திட்டமிடக் கொடுத்த அதிகாரத்தை நில உரிமைக் கோரிக்கையைத் தடுக்கப் பயன்படுத்தியிருந்தால் அந்த விதி செல்லாது. அதில் கையெழுத்திட்டவர் அரசியின் பிரதிநிதி என்பது கேடயம் ஆகாது. அவர் கையெழுத்துக்குப் பின்னால் முடிவெடுப்பவர்கள் அமைச்சர்கள்தானே என்றும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

அதோடு பிரச்சினை முடியவில்லை. விதிகள் எப்படிப் பிறந்தன என்று காட்டும் ஆவணங்களைத் தரமாட்டோம், அவை வழக்கறிஞருடன் பேசியவை, அவற்றை வெளியிடாதிருக்கச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது பிரதேச அரசு. 1985இல் ஹைகோர்ட் அதையும் ஏற்கவில்லை. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்காக நடந்த பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றது. கடைசியில் அந்த விதிகள் செல்லாதவை என்று முடிவாயிற்று. நிலம் அதன் மக்களிடம் திரும்பியது 2016 ஜூனில். இடையில் முப்பத்தேழு ஆண்டுகள். கோரிக்கை வைத்தவர்களில் பலர் அந்த நாளைப் பார்க்க உயிரோடு இல்லை.

மேலே இருந்து வரும் எல்லை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பிரதேசச் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தை ஆறு மாதத்துக்குள் கவர்னர் ஜெனரல் நிராகரிக்கலாம் என்ற விதி 2011 வரை இருந்தது. மத்திய நாடாளுமன்றமோ இன்றும் எப்போது வேண்டுமானாலும் பிரதேசச் சட்டத்துக்கு மேல் சட்டம் போடலாம். 1995இல் வடக்குப் பிரதேசம் இயற்றிய கருணைக்கொலைச் சட்டத்தின் கதி 1997இல் அப்படித்தான் முடிந்தது. மாநில அந்தஸ்து வேண்டுமா என்று 1998இல் மக்களிடமே கேட்டபோது, சிறிய வித்தியாசத்தில் வேண்டாம் என்றார்கள்.

கில்ருத்தின் காலத்திலும் நிர்வாகிக்குச் சட்ட எல்லை இருந்தது. அதைக் காவல் காத்தவர் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த ஓர் அமைச்சர். அந்தக் காவல் அமைச்சருக்குப் பயன்பட்டது, மக்களுக்குப் பயன்படவில்லை. வாக்கும், கேள்வி கேட்கும் நீதிமன்றமும் வந்த பிறகே அதே எல்லை மக்களுக்குக் கவசமானது. ஓர் ஆட்சியரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்று பார்க்கும்போது, அந்தக் கோட்டை மீறினால் தடுத்து நிறுத்த யாருக்கு உரிமை இருக்கிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு மக்கள் என்று விடை வராத சட்டம், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், குறைச் சட்டமே.

(தொடரும்)